பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு கோயில், இரண்டு கதவு: கம்பெனி ஆரம்பிக்காத ஜெனெடிசிஸ்ட்

நம்மில் நிறைய பேருக்குப் பாண்டிச்சேரின்னா ஒரு வீக்எண்ட். ஈசிஆர், ராக் பீச், மஞ்சள் சுவர் முன்னாடி நாலு ஃபோட்டோ, ஞாயிறு ராத்திரி திரும்பிடுவோம். கடலுக்கு முதுகு காட்டி மேற்கே வில்லியனூர் பக்கம் போனவர்கள் கம்மி. அங்கே போனால் பாண்டிச்சேரி வேற மாதிரி இருக்கும். நெல், கரும்பு, ஏரி, நடுநடுவே தமிழ்நாட்டு எல்லை வந்து வந்து போகும். பிரெஞ்சுக்காரங்களும் ஆங்கிலேயரும் ஊர் ஊரா பிரிச்சுக்கிட்ட வரைபடம் அது. இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு.

அந்தப் பக்கம் ஏம்பலம்னு ஒரு ஊர். 2000ஆம் வருஷம் மே மாசம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இந்த ஊரைப் பற்றி ஒரு செய்தி போட்டது. விஷயம் ஒரு கோயில். அந்தக் கோயிலுக்கு இரண்டு கதவு. ஒரு கதவு வழியா சாமி கும்பிடப் போகலாம். ஆனால் தலித் மக்கள் போக முடியாது, மாதவிடாய் நாட்களில் பெண்கள் போக முடியாது. இன்னொரு கதவு வழியா யார் வேணும்னாலும் போகலாம். உள்ளே சாமி கிடையாது. சோலார் மின்சாரத்தில் ஓடுற கம்ப்யூட்டர் இருந்தது. நெல் என்ன விலை போகுது, அரசாங்கத்தோட வறுமைக்கோட்டுப் பட்டியலில் என் பேர் இருக்கா, இன்னிக்கு நல்ல நேரம் எப்போ, எல்லாம் அதில் பார்க்கலாம்.

1998-99 காலம் அது. சென்னையிலேயே இன்டர்நெட்டுக்குப் பிரவுசிங் சென்டர் தேடிப் போய் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்த காலம். அப்போ ஏம்பலத்துக்கு எப்படி வந்தது? இதைக் கொண்டு வந்தது ஒரு கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஒரு மரபியல் விஞ்ஞானி. செடிகளோட குரோமோசோமை மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கிட்டிருந்தவர். இன்னிக்கு எபிசோட் அவரைப் பற்றி, எம்.எஸ். சுவாமிநாதன்.

பேரைக் கேட்டதும் 'பசுமைப் புரட்சி, ஸ்கூல்லயே படிச்சாச்சு'ன்னு சிலர் சொல்வீங்க. 'நம்ம பாரம்பரிய விதையையெல்லாம் அழிச்சவர் தானே'ன்னு சிலர் கோபப்படுவீங்க. இரண்டு பேரும் கொஞ்சம் இருங்க. அந்தக் கோபத்துக்கும் வருவேன்.

கும்பகோணம், கொசு, உருளைக்கிழங்கு

1925 ஆகஸ்ட் 7, கும்பகோணம். அப்பா சாம்பசிவன் சர்ஜன். பூர்வீகம் கேரளாவில் குட்டநாட்டுப் பக்கம் மன்கொம்பு, இனிஷியலில் இருக்கிற 'எம்' அதுதான். கும்பகோணத்தில் அப்போ யானைக்கால் நோய் அதிகம். நோய் வந்தவங்களுக்கு மருந்து கொடுக்கிறதோட நிறுத்தாமல், கொசு பெருகிற தேங்கின தண்ணியை ஒழிக்க ஊர் மக்களையே கூட்டி வேலை வாங்கினார் அந்த டாக்டர். ஊரைச் சேர்த்துக்கிட்டால்தான் நோய் போகும்னு சின்ன வயசிலேயே பார்த்ததை சுவாமிநாதன் பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கார். இதைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்கோங்க, ஏம்பலத்தில் திரும்ப வரும்.

அப்பா இறந்தபோது பையனுக்கு 11 வயசு. குடும்பத்தோட ஆசை அவர் டாக்டர் ஆகணும். திருவனந்தபுரத்தில் விலங்கியல் படிச்சார். அந்தச் சமயத்தில்தான் 1943 வங்காளப் பஞ்சம். லட்சக்கணக்கான மக்கள் செத்தாங்க. மருத்துவத்தை விட்டுட்டு கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குப் போனார். 'ஏம்பா, விவசாயம் படிக்கவா காலேஜுக்குப் போற?'ங்கிற கேள்வி அப்பவும் இருந்திருக்கும், சந்தேகமே வேண்டாம். 1947ல டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், அங்கே மரபியல். நடுவில் போட்டித் தேர்வு எழுதி ஐபிஎஸ்சுக்கும் தேர்வானார். இன்னிக்கு வீட்டில் ஒரு பிள்ளை ஐபிஎஸ் கிடைச்சும் வேண்டாம்னு சொன்னால் என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவர் யுனெஸ்கோ உதவித்தொகையைப் பிடிச்சுக்கிட்டு நெதர்லாந்து வாகெனிங்கெனுக்குப் போயிட்டார்.

அங்கே ஆராய்ச்சி உருளைக்கிழங்கு மேல. நம்ம சாப்பிடுற உருளைக்கிழங்கில் ஒவ்வொரு குரோமோசோமும் நாலு நாலா இருக்கும், நமக்கு இரண்டு இரண்டு. அதனால் காட்டு வகை உருளைக்கிழங்கில் இருக்கிற ஒரு நல்ல குணத்தை, நூற்புழுவைத் தாங்குறதோ பனியைத் தாங்குறதோ, வீட்டு வகைக்குக் கொண்டு வர்றது சுலபமில்லை. குரோமோசோம் எண்ணிக்கை ஒத்துப்போகாது. அந்த முடிச்சை அவிழ்க்கிறதுதான் இவர் வேலை. 1952ல கேம்பிரிட்ஜில் பிஎச்டி, பிறகு அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அங்கேயே பேராசிரியர் வேலை தர்றோம்னாங்க. வேண்டாம்னு 1954ல ஊர் திரும்பினார். திரும்பி வந்தா தயாரா வேலைகூட இல்லை. கொஞ்ச நாள் கட்டாக்கில் இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார்.

கட்டாக் விஷயம் புத்தகங்களில் இரண்டு வரியில் போயிடும். தஞ்சாவூர்க்காரங்களுக்கு அது அப்படிப் போகக் கூடாது. ஜப்பான் பக்கத்து ஜப்பானிகா நெல்லையும் நம்ம இண்டிகா நெல்லையும் கலக்கிற ஒரு பெரிய திட்டம் அங்கே நடந்தது. உரம் போட்டா நம்ம நெல் வளர்ந்து சாஞ்சிடும், ஜப்பானிகா நின்னு விளைச்சல் தரும். அந்தக் குணத்தை வாங்கணும். அந்தத் திட்டத்தில் இருந்து கடைசியில் வந்த ரகங்களில் ஒண்ணு ஆடுதுறை 27. 60களின் நடுவில் காவிரி டெல்டா முழுக்க ஓடின ரகம். ஆடுதுறை எங்கே இருக்கு? கும்பகோணத்துக்குப் பக்கத்தில்.

குட்டைக் கோதுமை

சாயுறது. பசுமைப் புரட்சியோட மொத்த அறிவியலையும் இந்த ஒரு சொல்லில் அடக்கலாம். பழைய கோதுமை உயரமான, மெலிஞ்ச பயிர். வைக்கோலுக்கு நல்லது. ஆனால் உரமும் தண்ணியும் கொடுத்து கதிர் கனமானால் தண்டு தாங்காது, படுத்துடும். அப்போ என்ன வேணும்? குட்டையான தண்டு, பெரிய கதிர்.

ஜப்பானில் நோரின் 10னு ஒரு குட்டைக் கோதுமை இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அது அமெரிக்கா போச்சு. அங்கே ஆர்வில் வோகல் என்கிற விஞ்ஞானி அதை வெச்சு ரகங்கள் உருவாக்கினார். சுவாமிநாதன் வோகலுக்கு எழுதிக் கேட்டார். வோகலோட ரகங்கள் குளிர் தேசத்துக்கானவை, நம்ம பருவத்துக்குச் சரிப்படாது. அதே ஜீன் மெக்சிகோவில் நார்மன் போர்லாக் கையில் இருக்கு, அங்கே கேளுங்கன்னு கைகாட்டினார். 1963ல போர்லாக் இந்தியா வந்து சுற்றிப் பார்த்துட்டு விதை அனுப்பினார்.

எனக்கு இந்தச் சங்கிலி ரொம்பப் பிடிக்கும். ஒருத்தர்கிட்ட இருந்த விதை ஒரு கடிதத்துக்கு அடுத்தவருக்குப் போகுது. யாரும் லைசென்ஸ் கட்டணம் கேட்கலை. ஜப்பான், அமெரிக்கா, மெக்சிகோ, இந்தியா. இன்னிக்கு இதே ஜீன் ஒரு கம்பெனி லேபில் இருந்தால் முதல் ஃபோன் வக்கீலுக்குப் போயிருக்கும்.

1965, 66 இரண்டு வருஷமும் மழை இல்லை. அமெரிக்கா பிஎல்-480 திட்டத்தில் கப்பல் கப்பலா கோதுமை அனுப்பினால்தான் சாப்பாடு. 1967ல அமெரிக்காவில் பேடாக் சகோதரர்கள்னு இரண்டு பேர், இந்தியாவைக் காப்பாத்த முடியாது, உதவி பண்றது வீண்ங்கிற தொனியில் புத்தகமே போட்டாங்க. டெல்லியில் விவசாய அமைச்சர் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். அவர் விஞ்ஞானிகள் பேச்சைக் கேட்டு 1966ல மெக்சிகோவில் இருந்து 18,000 டன் விதை இறக்குமதி பண்ண முடிவெடுத்தார். எதிர்ப்பு பயங்கரமா இருந்தது. தப்பிப்போயிருந்தால் அவர் அரசியல் வாழ்க்கை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

இன்னொரு சிக்கல், கேட்கச் சின்னதா இருக்கும். மெக்சிகோ கோதுமை சிவப்பு. சப்பாத்திக்கு வட இந்தியர்கள் கேட்கிறது பொன்னிறம். சிவப்புக் கோதுமைக்குச் சந்தையில் விலை இல்லை. ஆகவே இந்திய விஞ்ஞானிகள் அதிலிருந்து பொன்னிற வகைகளைப் பிரிச்சு எடுத்தாங்க. கல்யாண் சோனா, சோனாலிகா அப்படி வந்தவை. சுவாமிநாதன் குழு சோனோரா விதையைக் காமா கதிருக்கு உட்படுத்தி, நிறம் மாறின 'ஷர்பதி சோனோரா'வை எடுத்தது. அதில் சத்து அதிகம்னு சொன்ன கணக்கு சரியில்லைன்னு பின்னாடி பெரிய சர்ச்சை ஆச்சு, வெளிநாட்டு அறிவியல் பத்திரிகை வரைக்கும் போனது. அவர் மேல விழுந்த விமர்சனங்களில் விஞ்ஞானிகளே வெச்ச விமர்சனம் இது.

கணக்கு இது: 1964-65ல நாட்டோட கோதுமை விளைச்சல் சுமார் 1.2 கோடி டன். 1967-68ல சுமார் 1.65 கோடி டன். வெச்சுக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களில் மூட்டை அடுக்கினாங்க. 1968 ஜூலையில் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சின்னு தபால் தலையே வெளியிட்டார்.

அந்தக் கோபம்

இப்போ அந்தக் கோபத்துக்கு வரலாம். பஞ்சாபில் நிலத்தடி நீர் கீழே போனது நிஜம். பூச்சிமருந்து அளவுக்கு மீறினது நிஜம். ஊருக்கு ஊர் இருந்த நெல் ரகங்கள் வயலில் இருந்து காணாமல் போனது நிஜம். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகளை வீடு வீடா கொண்டு போனவர் நம்மாழ்வார். அவரும் வேளாண்மை படிச்சவர். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலையில் இருந்து, இது சரியான வழி இல்லைன்னு வெளியே வந்தவர். ஒரே காலம், ஒரே படிப்பு, இரண்டு முடிவு. நம்ம தலைமுறையில் பெரும்பாலும் நம்மாழ்வார் பக்கம்தான் கைதட்டல். எனக்கும் அவர் மேல பெரிய மரியாதை உண்டு. ஆனால் 1966ல ரேஷன் வரிசையில் நின்னவங்க யாராவது உங்க வீட்டில் இருந்தா அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான் சொல்வேன்.

அதிகம் பேருக்குத் தெரியாதது, தபால் தலை வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே, 1968 ஜனவரியில், வாராணசியில் நடந்த அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதனே எச்சரிச்சார். மண்ணைக் காப்பாத்தாமல் தீவிரமா சாகுபடி பண்ணினால் நிலம் பாலைவனமாகும், வரைமுறையில்லாமல் மருந்து அடிச்சால் விஷம் தானியத்தில் தங்கும், நிலத்தடி நீரைக் கண்டபடி உறிஞ்சினால் அது வறண்டுடும், நிறைய உள்ளூர் ரகங்களுக்குப் பதிலா ஒண்ணு இரண்டு ரகமே எங்கேயும் இருந்தால் நோய் வரும்போது மொத்தமும் போகும். சொன்னவர் கையில்தான் பிறகு அதிகாரமும் வந்தது. 1972ல இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத் தலைமை இயக்குநர், 1979ல விவசாயத் துறைச் செயலர். எச்சரிக்கை தெரிஞ்சவரே ஏன் அதைக் கொள்கையா மாத்த முடியலைங்கிற கேள்வி நியாயமானது. அதுக்கு அவரோட பிற்கால வேலை ஒரு பதில் மாதிரிதான் எனக்குப் படுது. முழுப் பதில்னு சொல்ல மாட்டேன்.

ஜீனில் பணம்

கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வருவோம். 1976ல ஹெர்பர்ட் போயர் என்கிற விஞ்ஞானி ஒரு முதலீட்டாளரோட சேர்ந்து ஜெனென்டெக் கம்பெனியை ஆரம்பிச்சார். பாக்டீரியாவுக்குள்ள மனித ஜீனை வெச்சு மருந்து தயாரிக்கிறது. 1980 அக்டோபரில் பங்கு சந்தைக்கு வந்தபோது 35 டாலர் பங்கு ஒரு மணி நேரத்துக்குள்ள 88 டாலரைத் தொட்டது. அதே வருஷம் ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்தது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா ஒண்ணை உருவாக்கியவர், நம்ம வங்காளத்துக்காரர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. மனுஷன் உருவாக்கின உயிருக்கும் பேட்டன்ட் உண்டுன்னு அவர் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஜெனெடிசிஸ்ட் தொழிலதிபர் ஆகிற காலம் ஆரம்பிச்சாச்சு.

சுவாமிநாதன் அப்போ மணிலா பக்கத்தில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார், 1982ல இருந்து 88 வரை தலைமை. 1987ல முதல் உலக உணவுப் பரிசு அவருக்கு. அந்தப் பணத்தை வெச்சு 1988ல சென்னையில் ஆரம்பிச்சதுதான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். தரமணியில் ஐடி கம்பெனிக்குப் போற வழியில் பலர் அந்த போர்டைப் பார்த்திருப்பீங்க. 62, 63 வயசு, உலகம் பூரா பேர், கையில் பணம். கம்பெனி போட எல்லாம் இருந்தது. அவர் போட்டது ஒரு டிரஸ்ட்.

ஆனால் வியாபாரமே வேண்டாம்னு அவர் சொல்லலை. முதலாளி யாராக இருக்கணும்கிறதில்தான் வித்தியாசம். 1991ல பாண்டிச்சேரியில் உயிரி கிராமம்னு ஒரு திட்டம். கீழூர், பிள்ளையார்குப்பம், சிவராந்தகம்னு மூணு ஊரில் தொடக்கம். கீழூர் பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 1954 அக்டோபர் 18ல பாண்டிச்சேரி இந்தியாவோடு சேரலாமான்னு 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்ட இடம். 170 பேர் சேரலாம்னாங்க. அதே ஊர்.

உயிரி கிராமத்தில் என்ன பண்ணாங்க? நிலம் இல்லாத குடும்பத்துப் பெண்கள் வைக்கோலை அவிச்சு, பிளாஸ்டிக் பையில் அடைச்சு, சிப்பிக் காளான் வளர்த்தாங்க. வைக்கோல் ஏற்கனவே ஊரில் இருக்கு, இடம் ஒரு கூரைக் கொட்டகை போதும். அலங்கார மீன், பூ, கறவை மாடு, விதை உற்பத்தின்னு வேற வேலைகளும். திண்டுக்கல் பக்கம் கன்னிவாடியில் மகளிர் குழுக்கள் டிரைக்கோகிராமா என்கிற நுண்ணிய குளவியை வளர்த்து விற்றாங்க. அது பயிர் தின்னும் புழுவோட முட்டைக்குள்ள தன் முட்டையை வெச்சுடும், புழு பொரிக்கவே பொரிக்காது. லேபில் வெள்ளை கோட் போட்டவங்க பண்ற வேலைன்னு நாம நினைக்கிறதைச் சேலை கட்டின அக்காக்கள் ஊரில் பண்ணாங்க. கணக்கு நோட்டு, பேங்க் கடன், வாங்கிற வியாபாரியோட பேரம், எல்லாம் அவங்களே. பெரிய லாபமா? இல்லை. காளான் ஒரே நாளில் வாடிடும், விற்கிறதுதான் எப்பவும் கஷ்டம்.

விற்கணும்னா விலை தெரியணும். விலை தெரியணும்னா தகவல் வேணும். ஏம்பலம் கோயிலுக்கு கம்ப்யூட்டர் வந்தது இந்த வழியில்தான்.

இரண்டாவது கதவு

1998ல கனடா நாட்டு ஐடிஆர்சி நிதியில் தகவல் கிராமம் திட்டம் தொடங்கியது. வில்லியனூர் மையம். அங்கே இன்டர்நெட், அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்குத் தகவல் போகும். ஃபோன் லைன் நம்ப முடியாததால் போலீஸ்காரங்க வெச்சிருக்கிற மாதிரி விஎச்எஃப் ரேடியோ வழியா பேச்சும் டேட்டாவும் அனுப்பினாங்க. கரன்ட் போனால் சோலார். ஊர் இடம் கொடுக்கணும், ஆள் கொடுக்கணும். மையத்தை நடத்தினவங்க பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். தமிழ் கீபோர்டெல்லாம் கையில் இல்லை, ஆங்கில கீபோர்டிலேயே தமிழ் அடிக்கப் பழகினாங்க.

ஆனால் ஒரு நிபந்தனை: ஊரில் எல்லாரும் உள்ளே வரலாம். ஏம்பலத்தில் கிடைச்ச இடம் கோயில். கோயில்னா யாரெல்லாம் வரக் கூடாதுங்கிறது எழுதாத சட்டம். ஊர்ப் பெரியவங்க ஒத்துக்கிட்டது கோயிலோட ஒரு பக்கத்துக்கு. அதனால்தான் இரண்டு கதவு. இதை வெற்றின்னு சொல்றதா, பாதி வெற்றின்னு சொல்றதா? முதல் கதவு அப்படியேதானே இருந்தது. நிறுவனம் அந்தக் கதவோட சண்டை போடலை. போட்டிருந்தால் கம்ப்யூட்டரும் வந்திருக்காது, அது ஒரு வாதம். ஏன் போடலைங்கிறது இன்னொரு வாதம். நான் இரண்டு பக்கமும் யோசிச்சுட்டு, வறுமைக்கோட்டுப் பட்டியலில் தன் பேரைத் தேடி அந்த இரண்டாவது கதவு வழியா உள்ளே போன பெண்ணோட பக்கத்தில் நின்னுடுறேன். அதுவரைக்கும் அந்தப் பட்டியல் ஏதோ ஒரு ஆபீஸ் பீரோவில் இருந்தது. கேட்டால் 'நாளைக்கு வா'.

கடலோரம் வீராம்பட்டினத்தில் வேற தேவை. அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னாங்க, மீனவர்கள் கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண. 2001ல இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைச்சது.

2004 டிசம்பர் 26. நல்லவாடு. அங்கேயும் ஒரு தகவல் மையம் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருத்தர் டிவியில் செய்தி பார்த்துட்டு வீட்டுக்கு ஃபோன் பண்ணினார். வீட்டில் இருந்து செய்தி மையத்துக்கு ஓடினது. மையத்தோட ஒலிபெருக்கியில் ஊரைக் காலி பண்ணச் சொன்னாங்க. வீடுகள் போச்சு, படகுகள் போச்சு, ஊரில் இருந்த மக்கள் தப்பிச்சாங்கன்னு அப்போ செய்திகள் வந்தன. மீன் விலைக்கும் அலை உயரத்துக்கும் கட்டின ஒலிபெருக்கி அது.

சுனாமிக்குப் பிறகு கடலோர வயல்களில் உப்பு. இங்கே மரபியல் திரும்ப வருது. பிச்சாவரத்தில் பார்த்திருப்பீங்க, அலையாத்தி மரங்கள் உப்புத் தண்ணியில் நின்னுக்கிட்டே வளரும். அஜய் பரிடா தலைமையில் சுவாமிநாதன் நிறுவன விஞ்ஞானிகள் 90களில் இருந்தே அந்த மரத்தோட உப்பைத் தாங்கும் ஜீன்களைப் பிரிச்சு நெல்லில் வெச்சுப் பார்த்தாங்க. லேபில் வேலை செஞ்சது. ஆனால் மரபணு மாற்றின பயிர்னா நாட்டில் எவ்வளவு சண்டைன்னு தெரியுமே, 2010ல பிடி கத்திரிக்காயே நிறுத்தப்பட்டது. அந்த நெல் விவசாயிக்கு விற்பனை விதையா வரவே இல்லை. சுவாமிநாதனோட நிலையும் இதில் நேர்கோடு கிடையாது. 2004ல அவர் தலைமையில் வந்த குழு, உயிரித் தொழில்நுட்பத்துக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வேணும்னு சொன்னது. 2018ல பி.சி. கேசவனோட சேர்ந்து எழுதிய கட்டுரை பிடி பருத்தியைத் தோல்வின்னு சொன்னது. உடனே மத்திய அரசோட முதன்மை அறிவியல் ஆலோசகரே அதைப் பகிரங்கமா கண்டிச்சார். 93 வயசிலும் சர்ச்சை விடலை.

விதை யாருக்குச் சொந்தம்கிற கேள்வியில் மட்டும் அவர் பக்கம் தெளிவு. 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தோட விவாதத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பெனி உருவாக்கின ரகத்துக்குப் பாதுகாப்பு கொடுக்கிற அதே சட்டம், விவசாயி தன் விளைச்சலில் இருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கலாம்னும் சொல்லுது. ஒரே தடை, அதை அந்த ரகத்தோட பிராண்ட் பேர் போட்டு விற்கக் கூடாது.

2004ல இருந்து 2006 வரை தேசிய விவசாயிகள் ஆணையத் தலைவரா அவர் சொன்ன இன்னொரு விஷயம், உற்பத்திச் செலவுக்கு மேல குறைஞ்சது 50 சதவீதம் வெச்சு ஆதரவு விலை கொடுங்கன்னு. டெல்லி எல்லையில் 2020ல விவசாயிகள் டிராக்டரோட உட்கார்ந்தபோது அந்த அறிக்கை பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. செலவுங்கிறதில் எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறதுன்னு இன்னும் சண்டை. 2023 செப்டம்பர் 28ல அவர் சென்னையில் இறந்தார், 98 வயசு. அடுத்த பிப்ரவரியில் பாரத ரத்னா அறிவிச்சாங்க. விருது அறிவிச்ச அதே வாரத்தில் பஞ்சாப் விவசாயிகள் மறுபடி டெல்லிக்குக் கிளம்பத் தயாராகிக்கிட்டிருந்தாங்க, கையில் அதே கோரிக்கை.